கல்லூரியில் வேறு படிப்பு, கையில் வயலின்: இசையை விடாமல் படித்து முடிக்க

பிளஸ் டூ வரை பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்றுக்கொண்ட பிள்ளைகள் பலர் கல்லூரியின் முதல் செமஸ்டரிலேயே அதை விட்டுவிடுகிறார்கள். கேட்டால் நேரமில்லை என்பார்கள். லேப் ரெக்கார்டு, இன்டர்னல், அசைன்மென்ட் எல்லாம் உண்மைதான். ஆனால் பிளஸ் டூவில் காலை ஐந்தரைக்கு டியூஷன் போனவர்களும் இவர்களேதான். அப்போது நேரம் இருந்தது. மாறியது வேறொன்று. வீட்டில் இருந்தவரை வியாழக்கிழமை என்றால் பாட்டு மாமி வீட்டுக்குப் போய்ப் பாடத்தை ஒப்பித்தாக வேண்டும். அதற்காகவாவது புதன் ராத்திரி வர்ணத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். விடுதிக்கு வந்த பிறகு ‘சாதகம் (தினசரிப் பயிற்சி) பண்ணினாயா?’ என்று கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத சாதகம் ஒரு மாதம் தாங்கினால் அதிகம்.

அதனால் கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: ஒவ்வொரு வாரமும் உங்கள் வாசிப்பைக் கேட்க யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். குருவோ, பக்கத்து டிபார்ட்மென்ட் தோழியோ, கல்லூரி விழாவோ, எதுவானாலும் சரி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்ஜினீயரிங், மருத்துவம், கலை அறிவியல் என்று எதில் சேர்பவர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் கர்நாடக இசை கற்றவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கீபோர்டு, கிட்டார் வாசிப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

முதலில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் பிள்ளை எதிலும் தேறாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி முடித்தவர். வயலின் வித்வான் எல். சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். சுதா ரகுநாதன் பொருளாதாரத்தில் முதுகலை, உமையாள்புரம் சிவராமன் சட்டப் பட்டதாரி, சீர்காழி சிவசிதம்பரம் மருத்துவர். உங்கள் பிள்ளை மேடைக்குப் போக வேண்டும் என்பதற்காக இவர்களைச் சொல்லவில்லை. கடினமான படிப்பைப் படித்த ஆண்டுகளிலும் இவர்கள் கையில் இசை இருந்தது; படிப்பும் முடிந்தது.

1. கவுன்சலிங் முடிந்ததும் குருவிடம் பேசுங்கள்

கல்லூரி முடிவானதும் இனிப்புப் பெட்டியோடு குருவைப் பார்த்துக் காலில் விழுந்துவிட்டு வருவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சந்திப்பிலேயே அடுத்த ஆறு மாதத்துக்கான ஏற்பாட்டைப் பேசி முடித்துவிடுங்கள். தயங்க வேண்டாம். “சார், மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவேன். அந்த ஞாயித்துக்கிழமை காலையில வரலாமா? நடுவுல வாரம் ஒரு ரெக்கார்டிங் அனுப்பட்டுமா?” என்று நேராகக் கேட்டால் எந்த வாத்தியாரும் சந்தோஷப்படத்தான் செய்வார். பல ஆண்டுகள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை விட்டுவிடும் என்று அவரும் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பாடம் இல்லாத மாதங்களில் எதையெல்லாம் சாதகம் பண்ண வேண்டும் என்று ஒரு பட்டியல். அடுத்துக் கற்கப்போகும் இரண்டு கீர்த்தனைகளை அவர் குரலில் அல்லது அவர் வாத்தியத்தில் பதிவு செய்த ஒலிப்பதிவு. மாதம் ஒரு வகுப்புக்கு என்ன சம்பளம் என்பதன் தெளிவு. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்திலேயே வகுப்புக்குப் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். அப்பாவையோ அம்மாவையோ விட்டாவது கேட்டுவிடுங்கள்.

பாட நோட்டுகளை ஒரு பக்கம் விடாமல் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரளி வரிசையிலிருந்து எழுதிய பழைய நோட்டையும் சேர்த்துத்தான். விடுதி மாற்றங்களில் நோட்டு தொலைந்தால், குரு கைப்பட எழுதிய ஸ்வரக் குறிப்பு வேறெங்கும் கிடைக்காது.

வேறு ஊரில் புதிய குருவிடம் சேர நினைத்தால், பழைய குருவிடம் சொல்லி, அவர் வாயாலேயே ஒரு பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வில் பிடிக்கும் முறையும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) பிடிக்கும் முறையும் அவருக்குத்தான் தெரியும். எந்தப் பாணிக்காரரிடம் போனால் மறுபடி முதலிலிருந்து கையை மாற்ற வேண்டியிராது என்பதையும் அவரால்தான் சொல்ல முடியும்.

இணையவழி வகுப்பு என்றால் ஒன்று கவனியுங்கள். வீடியோ கால் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தம்பூரா ஒலியைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து அடித்துவிடும்; நீட்டிப் பாடும் கார்வையைத் துண்டுதுண்டாக்கும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு வசதி இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளுங்கள். ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் இருவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. ஆகவே குரு பாட, நீங்கள் திருப்பிப் பாட என்று மாறி மாறித்தான் வகுப்பு நடக்கும். என் அபிப்பிராயம், வாரம் ஒரு அரைகுறை வீடியோ வகுப்பைவிட, வாரம் ஒரு நல்ல ஒலிப்பதிவை அனுப்பி அதற்கு அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்பது மேல். பதிவு செய்யும்போது பிழையில்லாமல் வர வேண்டுமென்று நாலைந்து தடவை வாசிப்போம். அதுவே சாதகமாகிவிடும்.

2. வாத்தியத்தைக் கொண்டுபோவதா, வீட்டில் வைப்பதா

புல்லாங்குழல்காரர்கள் பாக்கியசாலிகள். பையில் போட்டுக்கொண்டு போகலாம்; மூங்கில் வெடிக்காமல் வெயிலிலிருந்து காப்பாற்றினால் போதும்.

வயலினைக் கட்டாயம் கொண்டுபோங்கள். நல்ல வயலின் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், சாதாரண வயலினை விடுதிக்கு எடுத்துப் போகலாம் என்ற யோசனை சரிதான். ஆனால் சுருதியே நிற்காத வயலினைக் கொண்டுபோனால் இரண்டே வாரத்தில் வெறுத்துவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை கிடைத்தால், ஏப்ரல் மே வெயிலில் அலமாரிக்குள் இருக்கும் வயலினின் ஒட்டுகள் விட்டுப்போகும். அப்படிப்பட்ட அறையில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துவது, ரோசினைத் துடைப்பது, இரண்டு செட் தந்தி கூடுதலாக வைத்திருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதது விடுதி வாழ்க்கை: பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்குங்கள். ஆசையாக எடுத்து வாசித்துப் பார்ப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஆனால் பிரிட்ஜ் விழுந்தால் நிமிர்த்தத் தெரியாது.

வீணையை விடுதி அறையில் வைப்பது கஷ்டம். நாலடி நீளம், பக்கத்துக் கட்டில்காரர் கால் வைக்கும் இடம், மெழுகில் பதித்த மெட்டுகள், வெக்கை. கல்லூரிக்குப் பக்கத்தில் வீணை வைத்திருக்கும் ஆசிரியையோ குடும்பமோ இருந்தால் வாரம் ஒருநாள் அங்கே போய் வாசிக்கலாம். மற்ற நாட்களில் பாடுங்கள். வீணைக்காரர்களுக்கு வாய்ப்பாட்டு எவ்வளவு முக்கியம் என்று உங்கள் குரு ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார்.

மிருதங்கம் ஊரைப் பொறுத்தது. மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏ.சி. அரங்கில் ஏறும். தோலை இழுத்துக் கட்டும் வாரைப் பிடிக்கத் தெரிந்தவர் சென்னை, தஞ்சாவூர்ப் பக்கம் கிடைப்பதுபோல எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். கல்லூரி இருக்கும் ஊரில் யார் கரணை (தோலின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சு) போடுகிறார் என்பதைச் சேருவதற்கு முன்பே குருவிடம் விசாரியுங்கள். அது முடியாத இடமென்றால், ஒரு கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிராவைக் கற்றுக்கொள்ள இதுவே நல்ல சமயம். சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவை, விரல் மட்டும் புதிது. வாங்கும்போது ஆட்டுத் தோல் கஞ்சிராவாகக் கேட்டு வாங்குங்கள். கஞ்சிராவுக்கு வழக்கமாகப் போட்டுவந்தது உடும்புத் தோல்; உடும்பு சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம்.

நாதஸ்வரமும் தவிலும் கற்றவர்களுக்கு விடுதிக்குள் வழியே இல்லை. மைதானத்தின் கடைசி மூலை அல்லது ஊர்க் கோயில். கோயில் நிர்வாகத்திடம் போய், சாயரட்சை பூஜைக்கு வாசிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பல கோயில்களில் அந்த நேரத்துக்கு இயந்திரம்தான் மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது.

3. இடம் பிடியுங்கள், பிறகு நேரம் பிடியுங்கள்

இங்கேதான் முதலாண்டு மாணவர்கள் தடுமாறுகிறார்கள். கால அட்டவணை போட்டுவிட்டு, எங்கே உட்கார்ந்து வாசிப்பது என்று பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இடம் கிடைத்தால் நேரம் தானாக அமையும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். மாலை நாலரைக்கு மேல் காலியாகும் வகுப்பறைகள் எவை? செமினார் ஹாலின் சாவி யாரிடம்? இசைக் கருவிகள் வைக்கும் அறை ஒன்று பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும். விழாக் காலத்தில் மட்டும் திறந்து, மற்ற நாளில் பூட்டியே கிடக்கும். அந்தச் சாவி உடற்கல்வி ஆசிரியரிடமோ, ஃபைன் ஆர்ட்ஸ் பொறுப்பாசிரியரிடமோ, சில இடங்களில் வாட்ச்மேன் அண்ணனிடமோ இருக்கும். வாட்ச்மேன் அண்ணனோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனசு வைத்தால் ஒரு வகுப்பறை ஆறரை மணி வரை உங்களுக்குத் திறந்திருக்கும்.

விடுதி அறையிலேயே வாசிக்க வேண்டியிருந்தால் அறைத்தோழர்களிடம் முதல் வாரமே பேசிவிடுங்கள். “டேய், தினமும் ஆறு மணியிலேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் வாசிப்பேன். உங்களுக்கு எக்ஸாம்னா சொல்லுங்கடா, வெளிய போயிடறேன்” என்றால் யாரும் மறுப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று ஆரம்பித்தால்தான் சண்டை வரும். ஸ்டடி ஹவர் இருக்கும் விடுதியென்றால் வார்டனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வயலினுக்கு ரப்பர் மியூட் கிடைக்கிறது. பிரிட்ஜ் மேல் மாட்டினால் ஒலி பாதிக்கு மேல் குறையும். விரல் சாதகத்துக்கு அது போதும். ஆனால் நாதம் எப்படி வருகிறது என்று கேட்க முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது மியூட் இல்லாமல் வாசிக்க இடம் தேடுங்கள். மிருதங்கக்காரர்கள் தலையணையிலோ தொடையிலோ தட்டிப் பழகலாம்.

பாடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்று முனகலாகப் பாடிப் பழகாதீர்கள். குரல் உள்ளடங்கிப்போகும், தொண்டையும் இறுகும். அகார சாதகத்துக்குத் திறந்த குரல் வேண்டும். மொட்டை மாடி, மைதானம், காலி வகுப்பறை, எதுவும் கிடைக்காத நாளில் மௌனமாக ஸ்வரத்தை மனதுக்குள் ஓட்டுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிபார்ட்மென்ட் கிரிக்கெட் மேட்சில் கத்திவிட்டு மறுநாள் பாட்டுப் போட்டிக்கு நிற்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். போட்டி வாரத்தில் கைதட்டினால் போதும்.

4. நாற்பது நிமிடத்தில் என்ன செய்யலாம்

ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால் பாதி நாள் நடக்காது, நடக்காத நாளின் உறுத்தல் மீதி நாளையும் கெடுக்கும். நாற்பது நிமிடம் என்று வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் சுருதி சேர்க்க, அல்லது தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு ஆதார ஸட்ஜத்தில் நிற்க. அடுத்த பத்து நிமிடம் சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளில் ஏதாவது ஒன்று, மூன்று காலத்தில், தினமும் வேறு வேறு ராகத்தில். மாயாமாளவகௌளையில் மட்டுமே நின்றுவிடாமல் இன்று கல்யாணி, நாளை கரகரப்ரியா என்று மாற்றினால் அலுக்காது. பிறகு ஒரு வர்ணம், இரண்டு காலம். மீதி நேரம் ஏதாவது ஒரு கீர்த்தனையில் சரியாக வராத ஒரே ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளில் ஒன்று). முழுக் கீர்த்தனையையும் வாசித்துத் தீர்க்க வேண்டாம். அது கச்சேரி ஆகிவிடும், சாதகம் ஆகாது.

இன்டர்னல் வாரங்களில் பத்து நிமிடமாகக் குறையுங்கள், பூஜ்யமாக்க வேண்டாம். சுருதியும் சரளியும் மட்டும். விரலும் குரலும் தினசரித் தொடர்பை எதிர்பார்ப்பவை.

கல்லூரிப் பேருந்தில் தினமும் போய் வருபவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய சொத்து. லய கணக்கு போட வாத்தியமே வேண்டாம். உதாரணமாக ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. த . தி . கி ண தொம் என்ற ஏழு மாத்திரைச் சொல்லை மூன்று முறை சொன்னால் 21. 32இல் 21 போக 11 மிச்சம். ஆகவே இரண்டே முக்கால் அட்சரம் விட்டு ஆரம்பித்தால் சமத்துக்கு, அதாவது அடுத்த தாளச் சுற்றின் தொடக்கத்துக்கு, சரியாக வந்து விழும். நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை கொடுத்தால் 25 ஆகும். அப்போது ஏழு மாத்திரை, அதாவது ஒன்றே முக்கால் அட்சரம் விட்டு எடுக்க வேண்டும். இதையே ரூபகத்துக்கும் மிஸ்ர சாபுக்கும் போட்டுப் பாருங்கள். பாட்டுக்காரர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் கல்பனாஸ்வரம் பாடும் தைரியம் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். கணக்கு படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி ருசி இருக்கிறது, விடமாட்டார்கள்.

5. கல்லூரிக்குள் உங்கள் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

மிகச் சுலபமான வாசல் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. மோகன ராகத்தில், திஸ்ர நடையில், 55 வினாடிகளில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஓடவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்க வேண்டும் என்றும் சொன்னது. கல்லூரியில் ஒவ்வொரு கருத்தரங்குக்கும் பட்டமளிப்புக்கும் பாட ஆள் தேவை. முதலாண்டிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். அந்த நாலைந்து பேர்தான் கல்லூரியில் ஏற்கெனவே பாட்டு கற்றவர்கள். அங்கிருந்து மற்றவர்களைத் தெரிந்துகொள்ளலாம். பொறுப்பாசிரியருக்கும் உங்கள் முகம் பழகிவிடும், பின்னால் கையெழுத்து வாங்க அது உதவும்.

அடுத்தது மியூசிக் கிளப். முதல் செமஸ்டரில் தேர்வு வைப்பார்கள், இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். ஆலாபனையோடு தொடங்கினால் பல்லவிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியும், ராக அடிப்படை தெளிவாக உள்ள ஒரு சினிமாப் பாட்டும் தயாராக வைத்திருங்கள். கிளப்புகளில் பெரும்பாலும் மெல்லிசைதான் நடக்கும். அதைக் கேவலமாக நினைக்கும் சில கர்நாடகப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. பாண்ட் என்ற மெல்லிசைக் குழுவில் வாசிப்பது காதைக் கூர்மையாக்கும். ஒருமுறை கேட்டதை உடனே வாசிக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. கிட்டார்காரரிடம் சுருதி மாற்றும் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டும் பரிமாறிக்கொள்ள வேண்டியவை.

பாண்டில் சேர்ந்தால் முதல் நாளே சுருதிக் குழப்பம் வரும். அவர்கள் ‘ஸ்கேல் என்ன?’ என்பார்கள், நீங்கள் ‘அஞ்சு கட்டை’ என்பீர்கள். ஒரு கட்டை என்பது ஸி, ஒன்றரை ஸி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நான்கரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வயலின்காரர்கள் நம் முறைப்படி ஸ ப ஸ ப என்று சேர்ப்பதை மாற்ற வேண்டியதில்லை. பாட்டின் சுருதிக்கேற்ப ஸட்ஜத்தை எங்கே பிடிப்பது என்று மட்டும் பழகுங்கள்.

கிளப்பே இல்லாத கல்லூரி என்றால் நீங்களே ஆரம்பியுங்கள். நாலு பேரும், கையெழுத்துப் போட ஒரு பேராசிரியரும், வாரம் ஒருநாள் ஒரு வகுப்பறையும் போதும். 1980களில் சென்னையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் கச்சேரிகளைத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்று முன்னணியில் உள்ள பல வித்வான்கள் அதிலிருந்து வந்தவர்கள். டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977இல் தொடங்கிய ஸ்பிக் மேக்கே அமைப்பும் மாணவர் கிளைகளை வைத்து நடப்பதுதான். உங்கள் கல்லூரியில் கிளை தொடங்கினால், பெரிய வித்வான்கள் வந்து வாசிப்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம்.

வாரக் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பாட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், அரைகுறையாக இருந்தாலும் சரி. மேலே சொன்னேனே, கேட்க ஆள் வேண்டும் என்று. அது இங்கே நடக்கும்.

6. ஓ.டி., அட்டெண்டன்ஸ், போட்டிகள்

பல்கலைக்கழகத் தேர்வு எழுத 75 சதவீத வருகை கேட்கும் கல்லூரிகளே அதிகம். ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போனதாக வருகை தருவது) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். போட்டிக்குப் பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். அழைப்பிதழ் நகலோடு ஒரு வாரம் முன்பே கடிதம் எழுதி, பொறுப்பாசிரியர், வகுப்பு ஆசிரியர், எச்.ஓ.டி. என்று வரிசையாகக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்து வந்ததும் பங்கேற்புச் சான்றிதழின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். லேப் இருக்கும் நாளில் ஓ.டி. எடுக்காமல் இருப்பது உத்தமம். விட்டுப்போன பரிசோதனையைத் தனியாகச் செய்து காட்ட அலைய வேண்டியிருக்கும்.

திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் செப்டம்பரிலும், சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் ஜனவரியிலும் நடக்கும். இவை போக ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கல்ச்சுரல்ஸ் உண்டு. எல்லாவற்றுக்கும் ஓடினால் சாதகமும் போகும், படிப்பும் போகும். ஆண்டுக்கு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் இளைஞர் விழாவை மட்டும் தவறவிடாதீர்கள். அதில் சாஸ்திரியப் பாட்டு, தாள வாத்தியம், தாளமல்லாத வாத்தியம் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அளவில் தேர்வானால் தென் மண்டலம், பிறகு தேசிய அளவு. உங்கள் கல்லூரி இதில் கலந்துகொள்வதே இல்லையென்றால், சுற்றறிக்கை யார் மேஜையில் கிடக்கிறது என்று மாணவர் நலன் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

7. கல்லூரிக்கு வெளியே

மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. குருவிடம் 5 ஆண்டுகளாவது கற்றிருக்க வேண்டும். நிபுணர் குழு முன்னால் பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். கிடைத்தால் குருவின் சம்பளத்தையும் ஊருக்குப் போய்வரும் செலவையும் வீட்டில் கேட்க வேண்டியிராது. அறிவிப்பு வரும்போது உடனே விண்ணப்பிக்க, குருவின் சான்றுக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வுக்கும் தயாராகலாம். ‘பி’ கிரேடு கிடைப்பதே பெரிய விஷயம். அதற்குத் தயாராகும் ஓராண்டில் உங்கள் பாடாந்தரம் (குருவிடம் கற்ற உருப்படிகளும் பாடும் முறையும்) தேறிவிடும். இசையில் ஒரு பட்டமும் வேண்டும் என்ற ஆசை இருந்தால், 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகள் படிக்க அனுமதித்திருக்கிறது. ஆனாலும் இன்ஜினீயரிங் முதலாண்டிலேயே இதைத் தொடங்கச் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு செமஸ்டர் அரியர் இல்லாமல் போகட்டும்.

மார்கழியில் செமஸ்டர் விடுமுறை வந்தால் சென்னைக்குப் போங்கள். சபாக்களின் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது, பாடுபவர்களும் உங்கள் வயதுக்காரர்கள். மியூசிக் அகாடமியின் காலை நேர விளக்கவுரைகளும் அப்படித்தான். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில், திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களிலும் உள்ளதைப் பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தால் நீங்களும் பாடலாம். ஆண்டு முழுவதும் சாதகம் பண்ண இதைவிட நல்ல தேதி கிடைக்காது.

சபாவில் வாய்ப்புத் தருகிறோம், இவ்வளவு நன்கொடை கொடுங்கள் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் குருவிடம் ஓராண்டு பாடம் கேட்கலாம்.

8. விட்டுப்போனால்

வைரல் காய்ச்சல், இன்டர்ன்ஷிப், பிராஜெக்ட் என்று இரண்டு மூன்று மாதம் தொடாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். திரும்ப எடுக்கும்போது கடைசியாகக் கற்ற பெரிய கீர்த்தனையை வாசித்துப் பார்க்காதீர்கள். வராது, மனசு உடைந்துவிடும். முதல் வாரம் சரளி, அலங்காரம், ஒரு கீதம். இரண்டாவது வாரம் ஆதி தாள வர்ணம். வயலின்காரர்களுக்கு விரல் நுனியில் காய்ப்பு மறுபடி வரச் சில நாளாகும், வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். குருவுக்குப் போன் செய்யக் கூச்சமாக இருக்கும். செய்யுங்கள். “எங்கடா போன?” என்று ஒரு வார்த்தை திட்டுவார், அடுத்த ஞாயிறு வரச் சொல்லுவார்.

9. கடைசி ஆண்டு

பிளேஸ்மென்ட் தொடங்குமுன் கிளப் பொறுப்பை இரண்டாமாண்டுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். மூன்றாமாண்டு மாணவர்களிடம் கொடுத்தால் அவர்களும் ஓராண்டில் பிளேஸ்மென்ட்டுக்குப் போய்விடுவார்கள். இசை அறைச் சாவி யாரிடம், எந்த ஆசிரியர் உதவுவார், எந்த மாதம் எந்தச் சுற்றறிக்கை வரும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் அப்படி எழுதி வைக்காததால்தான் நீங்கள் முதலாண்டில் வாட்ச்மேன் அண்ணனைத் தேடி அலைந்தீர்கள்.

வேலை பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ கிடைத்தால், சேருவதற்கு முன் குருவிடம் மறுபடி போய், முதல் பகுதியில் சொன்ன அதே மூன்று விஷயங்களையும் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர், கரண்ட் விசாரிப்பதோடு, காலையில் முக்கால் மணி நேரம் வாசிப்பேன், பரவாயில்லையா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.